கைவிடப்பட்ட ஜீப்பை வீட்டிலேயே திருத்துதல்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மரக்கறி மூட்டைகளுடன் லொறிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தேவையை நாம் விளக்க வேண்டியதில்லை. தார் வீதியில் நிற்கும் லொறி மூன்று கட்டைக் களிமண் பாதைக்குள் இறங்காது. கத்தரிக்காய் வாடிவிடும், வியாபாரி சொல்வதே விலையாகும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும் இதே பாதையால்தான் போகவேண்டும். இதனாலேயே, மீளக்குடியமர்ந்த கிராமங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம், "பழைய ஜீப் ஒன்றை மலிவாக வாங்கித் திருத்தினால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

திருத்தலாம். பொறியியல் படிக்காத விவசாயிகளும் திருத்தியிருக்கிறார்கள். ஆயினும் நகையை அடகுவைத்து வாங்கிய ஜீப் கோழிகள் அடைகாக்கும் கூடாக முற்றத்தில் நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவதே எமது நோக்கம்.

எந்த ஜீப்?

எமது நாட்டில் பழைய ஜீப் என்றால் பெரும்பாலும் லாண்ட் றோவரே நினைவுக்கு வரும். தேயிலைத் தோட்டங்களும் அரச திணைக்களங்களும் ஒரு காலத்தில் அதையே பயன்படுத்தின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பிரித்தானியாவின் றோவர் கம்பனியில் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ், தமது பண்ணையில் ஓடிய அமெரிக்க இராணுவ ஜீப்பைப் பார்த்து இதை உருவாக்கினார். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. ஆகவே இது தொடக்கத்திலிருந்தே விவசாயிக்காகச் செய்யப்பட்ட வாகனம். அதன் இரண்டாம் வரிசை 1958 இலும் மூன்றாம் வரிசை 1971 இலும் வந்தன. மூன்றாம் வரிசை 1985 வரை செய்யப்பட்டது.

போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் இதன் உடற்தகடுகள் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டன. அவை கறள் பிடிப்பதில்லை. அடியில் முழு வாகனத்தையும் தாங்கும் சசியோ உருக்கினால் ஆனது. அது உள்ளிருந்து கறள் பிடித்து உக்கும். பலர் பளபளக்கும் தகட்டைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சசி உக்கிப்போனதைப் பிறகே அறிகிறார்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, பத்திரங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்த வாகனங்கள் பல உண்டு. பதிவில் உள்ள உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளின் கையொப்பமின்றிப் பெயர் மாற்ற முடியாது. "பிறகு எடுத்துத் தருகிறேன்" என்ற வாக்கை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது, வாகனம் நிற்கும் இடம். பற்றைக்குள் கிடக்கும் வாகனத்தை யாருடையதும் அல்ல என்று எண்ணி இழுத்துவரக் கூடாது. அது ஒருவருடைய உடைமை. அதிலும் முக்கியமாக, கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்படாத காணியில் கிடக்கும் எந்த வாகனத்தையும் நெருங்கவே வேண்டாம். ஒரு பழைய கியர் பொக்ஸுக்காகக் காலை இழக்கக் கூடாது.

மூன்றாவது, சசி. சிறிய சுத்தியலால் அதன் நீளத்துக்கும் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு மணிபோல ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியால் அழுத்துங்கள். பின்புறக் குறுக்குச் சட்டத்தையும், உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீண்டிருக்கும் தாங்கிகளையும் கட்டாயம் பாருங்கள். கடற்கரையிலோ களப்பு ஓரத்திலோ நின்ற வாகனத்தில் இவைதான் முதலில் போகும். ஒன்றிரண்டு இடங்களென்றால் புது உருக்குத் தகடு வைத்து ஒட்டலாம். நெடுகிலும் திருப்புளி உள்ளே போனால் பேசாமல் வீடு திரும்புங்கள்.

நான்காவது, எஞ்சின். 1990களில் வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியதை நாம் மறக்கவில்லை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைக் காக்காது. அக்காலத்தில் அவ்வாறு ஓடிய வாகனமாயின் தேய்மானம் கூடுதலாக இருக்கும் என எண்ணியே விலை பேச வேண்டும்.

வேலையின் ஒழுங்கு

நாம் முதன்முதலில் திருத்திய ஜீப்புக்கு முதல் வேலையாகப் பச்சை வர்ணம் பூசினோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பிறேக்கைத் திருத்த வேண்டிய நேரத்தில் கையில் காசு இருக்கவில்லை. ஆறு மாதங்கள் அந்தப் பச்சை ஜீப் அப்படியே நின்றது. இதிலிருந்து நாம் படித்த ஒழுங்கு இதுதான்: முதலில் சசி, அடுத்து பிறேக்கும் ஸ்ரியறிங்கும், அதன்பின் எஞ்சின், பிறகு மின்சாரம். வர்ணம் கடைசி. பிறேக் இல்லாத வாகனம் ஓடாமல் நிற்பதே நல்லது.

வாகனத்தை உயர்த்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். லாண்ட் றோவரின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர் பொக்ஸின் பின்னால் சுழலும் தண்டையே அது பிடிக்கிறது. ஒரு பின்சில்லை ஜக்கினால் தூக்கியவுடன் அந்தச் சில்லு தனியே சுழலும். கைப்பிறேக் போட்டிருந்தாலும் வாகனம் உருண்டுவிடும். ஆகவே நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஜக்கை மாத்திரம் நம்பி அடியில் படுக்காதீர்கள். தடித்த மரக்குற்றிகளைச் சசிக்கு அடியில் அடுக்குங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் திடீரென வெடித்து நொருங்கும். அவற்றை ஒருபோதும் வைக்க வேண்டாம்.

பிறேக் உருளைகளைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதவோ உலர்ந்த துணியால் தட்டவோ கூடாது. பழைய பிறேக் பட்டிகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டி அகற்றுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். பிறேக் சிலிண்டர்களின் றப்பர் வளையங்களைப் புதிதாகவே போடுங்கள். கறள் பிடித்த குழாய்களையும் மாற்றுங்கள். செலவைக் குறைக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

உறங்கிய எஞ்சினை எழுப்புதல்

ஆண்டுக்கணக்காக நின்ற எஞ்சினை, இழுத்து ஓட்டி ஸ்ராட் செய்ய முயல வேண்டாம். இறுகிய பிஸ்ரன் வளையங்கள் உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து சிறிது ஊற்றிச் சில நாட்கள் விடுங்கள். பின் நான்காம் கியரில் போட்டு, இருவர் வாகனத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் மீண்டும் ஊற்றிப் பொறுத்திருங்கள். அவசரப்பட்டு நெம்பி உடைத்ததைப் பொறுமையினால் ஒட்ட முடியாது.

எஞ்சின் சுழலத் தொடங்கியதும் பழைய ஒயிலை இறக்கிப் புது ஒயில் விடுங்கள். பெற்றோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: அமுக்கம், தீப்பொறி, எரிபொருள். 1958 முதல் வந்த 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்குப் போயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம், வால்வு இடைவெளி 0.010 அங்குலம். சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் எரியும். பிளக் வயர்களை மாற்றிக் கொழுவியதால் ஓடாத எஞ்சினை "செத்துவிட்டது" என்று விற்றவர்களும் உண்டு. போயின்ற்களை மெல்லிய அரத்தாளால் துடைத்தாலே பல எஞ்சின்கள் உயிர் பெறும்.

தாங்கியில் உள்ள பழைய பெற்றோல் பிசினாகியிருக்கும். அதை முழுவதும் இறக்கிவிட்டுத் தாங்கியையும் காபரேற்றரையும் கழுவுங்கள். இவ்வேலையைப் பகலில், வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் அப்பால் செய்யுங்கள். பெற்றோல் தாங்கியை ஒருபோதும் ஒட்டக் கொடுக்காதீர்கள். வெறுமையான தாங்கியிலும் ஆவி இருக்கும், அது வெடிக்கும்.

பற்றறி பலவீனமாயின் முன்புறக் கைப்பிடியால் சுழற்றி ஸ்ராட் செய்யலாம். பெருவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். பெருவிரலால் சுற்றிப் பிடித்தால் எஞ்சின் எதிராக உதைக்கும்போது எலும்பு முறியும்.

றேடியேற்றருக்கு யாழ்ப்பாணக் கிணற்று நீரை விடாதீர்கள். சுண்ணக்கல் நிலத்து நீர் கேத்தலில் வெள்ளைப் படிவு விடுவதை வீட்டில் காண்கிறீர்கள். எஞ்சினுக்குள்ளும் அதுவே நடந்து, எஞ்சின் சூடேறும். சேமித்த மழைநீரே நல்லது.

நான்கு சில்லுகளையும் பயன்படுத்துதல்

மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சில்லுகளும் இழுக்கும். சிவப்புக் கைப்பிடியை, வாகனம் முற்றாக நின்ற பின்னரே பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்போது குறைந்த கியரும் நான்கு சில்லு இழுவையும் சேர்ந்தே கிடைக்கும். இதைச் சேற்றிலும் மணலிலும் மாத்திரம் பயன்படுத்துங்கள். வளைவில் முன்சில்லுகளும் பின்சில்லுகளும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சில்லு சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்யும். தார் வீதியில் வழுக்க முடியாதபடியால் கியர்களும் தண்டுகளும் முறுகி உடையும். நாம் பார்த்த உடைந்த தண்டுகளில் பல, சேற்றைக் கடந்தபின் மஞ்சள் குமிழை மறந்தவர்களுடையவை.

கட்டுமா?

இந்த ஜீப் ஒரு லீற்றர் பெற்றோலில் 5 முதல் 7 கிலோமீற்றர் வரையே ஓடும். சந்தை 20 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தால் போய்வர 6 முதல் 8 லீற்றர் தேவை. சிறிய ஜீப் ஏற்றக்கூடியது ஏறத்தாழ அரைத் தொன். ஒரு குடும்பத்தின் இரண்டு மூட்டை மிளகாய்க்காக இதை ஓட்டினால் நட்டமே. நான்கைந்து குடும்பங்கள் ஒரே நாளில் அறுவடை செய்து ஏற்றினால் கட்டும். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்றவர்கள், பெற்றோலே கிடைக்காத நாளும் வரும் என்பதை அறிவார்கள். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறியது என்பதும் நினைவிருக்கட்டும். "மலிவு" என்று ஒருவர் சொன்னால், திருத்தும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். வாங்கும் விலையளவு பணமாவது திருத்துவதற்குக் கையில் இல்லாவிடில் தொடங்க வேண்டாம். வயல் அருகிலும் பாரம் குறைவாகவும் இருந்தால், இருசில்லு உழவு இயந்திரமும் பெட்டியுமே போதும். அது உழுதும் தரும்.

சேர்ந்து வாங்குவோர், வாங்குமுன்பே ஒரு கொப்பியில் மூன்றை எழுதிக் கையொப்பமிடுங்கள்: யார் எவ்வளவு போட்டார்கள், யார் ஓட்டுவது, திருத்தச் செலவை எவ்வாறு பகிர்வது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சிறு தொகையைத் திருத்த நிதிக்கு ஒதுக்குங்கள். நோயாளியை ஏற்றும் ஓட்டத்துக்குக் காசு கேட்பதில்லை என்பதையும் அன்றே தீர்மானித்து எழுதுங்கள். நடு இரவில், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது, அதைப் பற்றிப் பேச நேரம் இராது.