காருக்குள் ஒரு கூண்டு

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் என்றதும் பெரியவர்களுக்குச் சிமென்ட் ஆலை நினைவுக்கு வரும். சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். கல்லைச் சுரங்கத்திலிருந்து ஏற்றி வர டம்பர் வேண்டும். அந்த ராட்சத வண்டியைக் கிட்டத்தில் பார்க்க வாய்த்தால், பிள்ளைகளே, சக்கரத்தை விட்டுவிட்டு டிரைவர் உட்காரும் கேபினைப் பாருங்கள். கல் ஏற்றும் தொட்டியின் முன்விளிம்பு நீண்டு வந்து கேபினுக்கு மேலே கூரைபோல் நிற்கும். அது மேலிருந்து விழும் கல்லைத் தாங்க. கேபினைச் சுற்றி இன்னொரு கனத்த இரும்புச் சட்டமும் உண்டு. வண்டி சரிவில் கவிழ்ந்தால் டிரைவர் நசுங்காமல் இருப்பதற்கு அது.

டிராக்டருக்கும் இதே ஏற்பாடு வேண்டும். வரப்பில் ஏறும்போதும் வாய்க்கால் ஓரத்திலும் டிராக்டர் எளிதில் கவிழும். சுவீடன் நாட்டில் 1959இலேயே புது டிராக்டர்களுக்கு இந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயம் ஆக்கினார்கள். அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் எத்தனைக்கு இது இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ரேஸ் காருக்குள் இருக்கும் ‘ரோல் கேஜ்’ என்ற இரும்புக் கூண்டு இதன் தம்பிதான். நம் மாநிலத்தில் ரேஸ் காரைத் தாமே கட்டி ஓட்டியவர்கள் உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களை உருவாக்கினார். சோழவரம், இருங்காட்டுக்கோட்டை ஓடுதளங்களில் அவை பறந்தன. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அவர் பெயரில் அமைந்த ஓடுதளம்தான்.

இரும்புக் கூண்டு எதற்கு? கணக்குப் போட்டால் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு, 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும்போது கிடைக்கும் அதே ஆற்றல் இருக்கிறது. நான்கு மாடி உயரம். வேகம் 120 ஆனால் உயரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஏறக்குறைய 56 மீட்டர்! இவ்வளவு ஆற்றலையும் கூண்டு மட்டும் விழுங்க முடியாது. முன்பக்கத் தகரம் நசுங்கும், கதவு பிய்யும், சக்கரம் கழன்று ஓடும். கார் உருண்டுகொண்டே போனாலும் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் குறையும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சுவரில் மோதிச் சட்டென்று நிற்பதைவிட அது பல நேரம் மேல். இந்தக் களேபரத்தில் கூண்டுக்கு ஒரே வேலைதான்: டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடம் சுருங்காமல் காப்பது.

அதை எப்படிச் செய்கிறது? நான்கு குச்சிகளை எடுத்து, மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டிச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்து படுத்துவிடும். இப்போது மூலைக்கு மூலை குறுக்காக ஐந்தாவது குச்சியைக் கட்டி அழுத்துங்கள். அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. முக்கோணத்தின் பக்கம் நீளவோ சுருங்கவோ ஒடியவோ செய்யாமல் அதன் வடிவம் மாறாது. ரோல் கேஜில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் குறுக்காக ஒரு பைப் ஓடுவது இதற்காகத்தான்.

‘பைப் எதற்கு? உள்ளே ஓட்டை இல்லாத கெட்டிக் கம்பி இன்னும் பலமாயிற்றே’ என்று கேட்பீர்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ., டிரைவருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்குச் சொல்லும் பைப் 45 மில்லிமீட்டர் விட்டம், சுவர் 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. மீட்டருக்கு 2.6 கிலோ எடை. அதே இரும்பைக் கெட்டிக் கம்பியாக்கினால் விட்டம் சுமார் 20.6 மில்லிமீட்டர்தான் வரும். எடை ஒன்றுதான், ஆனால் வளையாமல் எதிர்த்து நிற்பதில் பைப் எட்டு மடங்குக்கு மேல் கெட்டி! வளைக்கும்போது நடுவிலிருக்கும் இரும்பு சும்மா இருக்கும், ஓரத்தில் இருப்பதுதான் பாடுபடும். அதனால் இரும்பை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதற்காக அட்டை மாதிரி மெல்லியதாக்கினால் மடங்கிப்போகும், எல்லை உண்டு.

வீட்டுக் குடிநீர்க் குழாயான ஜி.ஐ. பைப்பை இதற்கு வைக்கவே கூடாது. கேஜுக்குத் தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்துச் செய்த எஃகுக் குழாய்தான் விதி. அதோடு, ஜி.ஐ. பைப்பின் மேல் பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகி, சுவாசித்தவருக்குக் காய்ச்சலையே வரவழைக்கும்.

பட்டறை வேலையில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. பைப்பும் பைப்பும் சேரும் இடத்தில் ஒன்றின் நுனியை மீன் வாயைப்போல வளைவாகக் கிரைண்டரில் தேய்த்து, இடைவெளி இல்லாமல் மற்றதோடு பொருத்துவார்கள். முதலில் அங்கங்கே பொட்டு வைத்து, அளவு சரிபார்த்து, பிறகு சுற்றிலும் முழுசாக வெல்டு அடிக்க வேண்டும். மேல் மூலைகளோ கார் கூரையை ஒட்டி இருக்கும். வெல்டிங் டார்ச்சை அங்கே எப்படி நுழைப்பது? காரின் தரையில் ஓட்டை போட்டு, கூண்டின் கால்களை அதன் வழியே கீழே இறக்கிவிடுவார்கள். கூண்டு தாழ்ந்ததும் மேலே இடம் கிடைக்கும். வெல்டு முடிந்ததும் கூண்டைத் தூக்கி, ஓட்டையைத் தகடு வைத்து மூடி, அதன்மேல் காலை நிறுத்துவார்கள். என்ன மூளை பாருங்கள்!

அந்தத் தகடும் முக்கியம். கார் தரை மெல்லிய தகரம். கூண்டு அழுத்தினால் பைப்பின் கால் அதைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். பைப்பின் அடிப்பகுதி வெறும் 3.3 சதுர சென்டிமீட்டர். காலுக்கு அடியில் 120 சதுர சென்டிமீட்டர் தகடு வைத்தால், அதே விசை 36 மடங்கு பரப்பில் பரவுகிறது.

இவ்வளவு செய்தும் சில நேரம் தவறும். 2022 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் சீன வீரர் சூ குவான்யூவின் பார்முலா 1 கார் தலைகீழாகிச் சறுக்கியது. தலைக்குப் பின்னாலிருந்த பாதுகாப்பு வளைவு தரையில் உரசி உடைந்தது. தலைக்கு முன்னால் இருக்கும் ‘ஹாலோ’ என்ற டைட்டானிய வளையம்தான் அவரைக் காத்தது. அதன்பின் அந்த வளைவுக்கான விதியைக் கடுமையாக்கினார்கள்.

செட்டிபாளையத்தில் நடக்கும் ‘பார்முலா பாரத்’ போட்டிக்குப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவருகிறார்கள். போட்டி விதிப்படி, டிரைவருக்கு முன்னுள்ள வளைவின் உச்சிக்கும் பின்னுள்ள வளைவின் உச்சிக்கும் நேர்கோடு போட்டால், ஹெல்மெட் அதற்கு 50 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். டிரைவர் 5 வினாடிக்குள் வெளியே குதித்துவிடவும் வேண்டும். நீங்கள் வளர்ந்து அந்த அணியில் சேரும்போது இந்த முக்கோணங்களை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் சித்தப்பா தன் ஜீப்புக்குள் அழகுக்காக இப்படி ஒரு பைப் வைக்கப்போவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள். ரேஸ் டிரைவர் ஹெல்மெட் போட்டு, பல பட்டைகள் கொண்ட பெல்ட்டால் இறுகக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். சாலையில் வெறுந்தலையோடு போகிறவருக்கு, சின்ன மோதலிலேயே அந்த இரும்புக் குழாயால்தான் முதல் அடி. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டமும் ஏற்பதில்லை.