வண்டி குதிக்குதா, குலுக்குதா? புது சஸ்பென்ஷன் மாட்டிய காரைச் சரிசெய்வது எப்படி?

காரின் உயரத்தை இரண்டு இன்ச் குறைத்து, பெரிய அலாய் வீல் மாட்டியாகிவிட்டது. நிறுத்தி வைத்தால் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஊருக்குள் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் இடுப்பு ஒடிகிறது. நெடுஞ்சாலையில் ஏறினால் படகு மாதிரி ஆடுகிறது. பின் சீட்டில் இருக்கும் அம்மா, 'இதுக்கு டவுன் பஸ்ஸே தேவலாம்' என்கிறார்.

ஓசூர், கிருஷ்ணகிரி, மத்தூர் வட்டாரத்தில் இது புதிய புகார் அல்ல. கார் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற பெங்களூரு ஜே.சி. ரோடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஷாக் அப்சார்பர் தயாரிக்கும் கேப்ரியல் இந்தியாவின் ஆலையே ஓசூரில்தான் இயங்குகிறது. பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், நல்ல பொருளை வாங்கி மாட்டிய பிறகும் பயணம் மோசமாவது ஏன்?

ஸ்பிரிங்கின் வேலை வேறு, ஷாக்கின் வேலை வேறு

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அமுங்கி விரிவதும் அதுதான். ஸ்பிரிங்கைத் தனியே விட்டால் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் பிதுங்கிச் செல்லும்போது, ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது.

இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி உடைகிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருப்பதாகவும், ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 18 நியூட்டன் விசை தேவை என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் கார் நொடிக்குச் சுமார் 1.2 முறை ஆடும். இது உடம்புக்கு இதமான வேகம். அதே இடத்தில் 45 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால், ஆட்டம் நொடிக்குக் கிட்டத்தட்ட 2 முறையாகிவிடும். பந்தயத் தடத்துக்குச் சரி. ஊத்தங்கரை வரை குடும்பத்தோடு போய்வர அது சரிப்படாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பிரிங் இரண்டரை மடங்கு கடினமாகி, ஷாக் மட்டும் பழையதாகவே இருந்தால், ஆட்டத்தை அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் சுமார் 37 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் 'கல்லு மாதிரியும் இருக்கு, குதிக்கவும் செய்யுது' என்ற புகார் ஒன்றாகவே வருகிறது.

எந்த நோய்க்கு எந்த அறிகுறி?

* ஒரு பள்ளத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று முறை மேலும் கீழும் ஆடினால்: ஷாக் விரியும்போது கொடுக்கும் தடை போதவில்லை, அல்லது ஷாக் எண்ணெய் கசிந்து செத்துவிட்டது.

* சின்னக் கல்லுக்குக்கூட 'டக் டக்' என்று ஸ்டீயரிங் வரை அடித்தால்: டயர் காற்று அதிகம், டயரின் பக்கச்சுவர் குறைவு, அல்லது ஷாக் அமுங்கும் தடை அதிகம்.

* ஸ்பீடு பிரேக்கரில் 'டொம்' என்று இடித்தால்: ஷாக் முழுதாக அமுங்கி, பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதுகிறது.

* வரிசையான வேகத்தடைக் கோடுகளில் போகப் போக இறுகினால்: ஷாக் விரியும் தடை மிக அதிகம். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் சக்கரம் இறங்கி வர நேரமில்லாமல், கார் படிப்படியாகக் கீழே அமர்ந்துவிடுகிறது.

* முன்னும் பின்னும் குதிரை போலத் தலையாட்டினால்: ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் மாற்றப்பட்டிருக்கலாம். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் இரண்டும் சீக்கிரம் ஒத்துப்போகும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய பொறியாளர் மாரிஸ் ஆலி வகுத்த பாடம் இது. முன்பக்கத்தை மட்டும் கடினமாக்கினால் இந்த ஒத்திசைவு கெடும்.

செலவில்லாத வேலை முதலில்

நேராகப் புது செட் வாங்க ஓட வேண்டாம். கீழ்க்கண்ட வரிசையில் போனால் பாதிப் பிரச்சினை பைசா செலவில்லாமல் தீரலாம்.

1. டயர்: ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் குறிப்பிடப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதே அளவு வையுங்கள். வீல் அளவும் முக்கியம். 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் சுமார் 120 மி.மீ. அதை எடுத்துவிட்டு 205/45 ஆர்17 போட்டால் 92 மி.மீ.தான். அதிர்ச்சியை வாங்கும் ரப்பர் 28 மி.மீ. போய்விட்டது. அதை எந்த ஷாக்காலும் ஈடுகட்ட முடியாது.

2. ரப்பர் பஃபர்: ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே உயரத்துக்காகச் சொருகிய பஃபர் இருந்தால் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அது அந்த வளையத்தை அமுங்கவிடாமல் ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறது.

3. கேபிள் டை சோதனை: ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, கீழே தள்ளி வைத்துவிட்டு வழக்கமான சாலையில் ஒரு சுற்று வாருங்கள். டை பம்ப் ஸ்டாப் வரை தள்ளப்பட்டிருந்தால், கார் இடிப்பது உறுதி. உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவதுதான் வழி.

4. கிளிக் கணக்கு: திருகி மாற்றும் வசதியுள்ள ஷாக் என்றால், நான்கையும் மிக மென்மையான நிலையில் வையுங்கள். ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டி, ஆட்டம் அடங்கும் வரை இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டுங்கள். இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். நோட்டில் எழுதி வையுங்கள்.

5. புஷ் இறுக்கம்: பலர் தவறவிடும் இடம் இது. காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே கீழ்க்கை போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். பயணமும் விறைப்பாகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கார் தரையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு.

இதெல்லாம் முடிந்தும் சரியாகவில்லை என்றால், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் செட்டுக்கு மாறுவது அல்லது கம்பெனி செட்டுக்கே திரும்புவதுதான் தீர்வு. எதைச் செய்தாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா, ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டலாமா?

கூடவே கூடாது. வளையம் குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் இடம் மாறவும் வாய்ப்புண்டு. காய்ச்சி இறக்கினால், இரும்பின் பதமே போய்விடும்.

வெறும் சொகுசு விஷயமா?

இல்லை. சக்கரம் குதிக்கும் ஒவ்வொரு நொடியும் டயருக்குத் தரையில் பிடிப்பு குறைகிறது. லாரிகள் நெருக்கியடிக்கும் ஓசூர் – கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை 44-இல் திடீரென பிரேக் அடிக்கும்போது, அந்தப் பிடிப்புதான் உயிர். உள்ளூர்ச் சாலையும் கருணை காட்டாது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 1988 விதிமுறைப்படி, 25 கி.மீ. வேகத்துக்கான வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். கிராமச் சாலைகளில் பலவும் கால் எட்டு அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. தாழ்த்திய காருக்கு அதுதான் எமன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தேய்ந்த ஷாக்கைக் கம்பெனி அளவிலேயே மாற்றுவது பராமரிப்பு. காரின் உயரத்தையே மாற்றுவதென்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.