தாமதம் எங்கே இருந்தது?

கட்டாரில் இருக்கும் மாமியின் பிள்ளைகளும் நானும் தம்பியும் வெள்ளி இரவுகளில் மைன்கிராஃப்ட் விளையாடுவோம். எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினிதான் சேவையகம். அதாவது எல்லோருக்கும் பொதுவான அந்த உலகத்தை நடத்தும் கணினி. கடந்த விடுமுறையில் விளையாட்டு இழுபடத் தொடங்கியது. உடைத்த கல் மீண்டும் தோன்றியது. ஆடுகள் நின்ற இடத்திலேயே உறைந்தன. "உங்கட இன்டர்நெட் சரியில்ல" என்று மச்சி குறைப்பட்டாள். இனி விளையாட வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். வாப்பா கூடிய விலையில் வேறு இணைப்பு எடுக்க யோசித்தார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

இத்தகைய தாமதம் மூன்று இடங்களில் உண்டாகலாம். விளையாடுபவரின் கணினி போதாவிட்டால் அவருடைய திரை மட்டும் விட்டுவிட்டு அசையும். இணையப் பாதை மோசமென்றால் அந்தப் பாதையால் வருபவர்கள் மட்டும் பாதிக்கப்படுவர். சேவையகம் களைத்துவிட்டால் எல்லோரும் ஒன்றாகப் பாதிக்கப்படுவர்.

நானும் தம்பியும் வீட்டு வைஃபை ஊடாகவே சேவையகத்தை அடைகிறோம். எங்களுக்கு இணையம் தேவையே இல்லை. ஆனால் எங்களுக்கும் கல் மீண்டும் தோன்றியது. எனவே குற்றம் இணையத்தில் இல்லை என்பது விளங்கியது.

மைன்கிராஃப்ட் சேவையகம் செக்கனுக்கு 20 தடவை உலகத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு தடவைக்கு 'டிக்' என்று பெயர். அதற்குரிய நேரம் 50 மில்லிசெக்கன். அதற்குள் கணக்கு முடியாவிட்டால் உலகமே மெதுவாகும். புதிய பதிப்புகளில் 'டிக் குவெரி' என்ற கட்டளை இந்த நேரத்தைக் காட்டும். எங்களுடையது 90 மில்லிசெக்கன்!

உலகத்தைச் சுற்றிப் பார்த்தேன். தம்பி ஒரு குழிக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட கோழிகளை வளர்த்திருந்தான். ஒன்றையொன்று தள்ளும் ஒவ்வொரு கோழியின் அசைவையும் சேவையகம் ஒவ்வொரு டிக்கிலும் கணக்கிட வேண்டும். கெஞ்சிக் கேட்டு இருபதாகக் குறைத்தோம். நேரம் 60 ஆனது.

அடுத்து, அமைப்புக் கோப்பில் பார்வைத் தூரத்தையும் இயக்கத் தூரத்தையும் 10இலிருந்து 6 ஆக்கினேன். உலகம் 16க்கு 16 கட்டைகள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தூரம் 10 என்றால் ஒருவரைச் சுற்றி 21க்கு 21, அதாவது 441 துண்டுகள். 6 என்றால் 169 மட்டுமே. நேரம் 38 மில்லிசெக்கனுக்கு இறங்கியது.

மச்சிக்கு இன்னும் சிறு தாமதம் உண்டு. கண்ணாடி இழையில் ஒளிகூடச் செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர்தான் செல்லும். கட்டாருக்கான தூரத்தை எந்த அமைப்பாலும் அழிக்க முடியாது. ஆனால் அவள் அடுத்த வெள்ளி வந்தாள்.

வாப்பா பழைய இணைப்பையே வைத்துக்கொண்டார். தோழியரே, பெற்றோரே, பணம் செலவழிக்க முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பிரச்சினை ஒருவருக்கா, எல்லோருக்குமா?