வறுவலுக்கென்றே பிறந்த குஃப்ரி ஃப்ரைசோனா

சிப்ஸ் போட நேந்திரன், குழந்தைக்கு ஏலரிசி, சாமிக்குப் பூவன் என்று ரகம் பார்த்து வாழை வாங்கும் ஊர் திருச்சி. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இங்கேதான் இருக்கிறது. ஆனால் காந்தி மார்க்கெட்டில் உருளைக்கிழங்குக் கடை முன்னால் நிற்கும்போது மட்டும், ‘ஊட்டிக் கிழங்கா, ஆக்ரா கிழங்கா?’ என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. ஊரைக் கேட்கிறோம், ரகத்தைக் கேட்பதில்லை.

அதன் பலன் அடுப்படியில் தெரியும். கடையில் சாப்பிட்ட ஃபிரெஞ்ச் ஃப்ரைஸை வீட்டில் போட்டால் வெளிப்புறம் கறுத்து, உள்ளே நசநசவென்று, தட்டுக்கு வருவதற்குள் துவண்டுவிடுகிறது. எண்ணெய் சரியில்லை, தீ சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு கிழங்கில்தான்.

கிழங்கில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் போக மிஞ்சுவதை உலர்பொருள் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். குழம்புக்கும் பொரியலுக்கும் நாம் வாங்கும் பல ரகங்களில் 100 கிராமுக்கு 16 முதல் 18 கிராம் உலர்பொருள் இருந்தால் அதிகம். ஃப்ரைஸுக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. தண்ணீர் கூடுதலான கிழங்கு எண்ணெயும் கூடுதலாகக் குடிப்பது இதனால்தான். மாவு நிறைந்த கிழங்கிலோ மாவுமணிகள் ஊதி வெந்து, உள்ளே பூப்போல உதிரும். மேல்தோல் மொறுமொறுப்பாக இறுகும்.

இரண்டாவது விஷயம் சர்க்கரை. கிழங்கிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அமினோ அமிலங்களோடு சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறம் தருகின்றன. இந்த வேதிவினையை 1912-ல் விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அளவாக நடந்தால் பொன்னிறமும் மணமும். சர்க்கரை மிஞ்சினால் கறுப்பும் கசப்பும். 2002-ல் சுவீடன் விஞ்ஞானிகள் வறுத்த கிழங்கில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாவதைக் காட்டினார்கள். அதற்கும் இதே சர்க்கரைதான் ஒரு மூலம். எனவே 100 கிராம் பச்சைக் கிழங்கில் இந்தச் சர்க்கரை 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஃப்ரைஸ் ரகங்களுக்கான கணக்கு.

இந்த இரண்டு கணக்கிலும் தேறும்படி இந்தியாவில் உருவாக்கிய ரகம்தான் குஃப்ரி ஃப்ரைசோனா. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2009-ல் வெளியிட்டது. அதற்கு முன் 1998-லேயே சிப்ஸுக்கான சிப்சோனா ரகங்கள் வந்துவிட்டன. ஆனால் சிப்ஸுக்கு உருண்டைக் கிழங்கு போதும். ஃப்ரைஸுக்கு விரல் நீளத் துண்டு வர வேண்டுமே! ஃப்ரைசோனா நீள்வாக்கில் விளைகிறது. கண்கள் ஆழமில்லாமல் மேலாக இருப்பதால் தோல் சீவும்போது சேதாரம் குறைவு. பின்பருவக் கருகல் நோயையும் தாங்கும். புது ரகத்துக்கான கலப்பு வேலையைப் பெரும்பாலும் சிம்லாவை அடுத்த குஃப்ரி மலையில் செய்கிறார்கள். சமவெளியின் குளிர்காலக் குறும்பகலில் உருளைச் செடி எளிதில் பூப்பதில்லை. பூக்காவிட்டால் மகரந்தம் ஏது? அந்தக் கலப்பில் பிறந்த ஆயிரக்கணக்கான நாற்றுகளிலிருந்து கழித்துக் கழித்து ஒன்றைத் தேறவைக்கப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பொறுமையை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் எண்ணம்.

பெரிய அளவில் ஃப்ரைஸ் தொழில் நடப்பது குஜராத்தில், பனாஸ்காந்தா, மேசானா வட்டாரங்களில். அங்கே நெதர்லாந்து ரகமான சான்டானாவுக்கு நல்ல செல்வாக்கு. 1990களில் உறைந்த ஃப்ரைஸை இறக்குமதி செய்த நாடு, இப்போது வருஷத்துக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது.

நம் பக்கம் கதை வேறு. 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் நீலகிரி ஏறிய பயிர் இது. வெளியிலிருந்து வந்த பயிர் என்பதால், ஸ்ரீரங்கத்தில் இன்றும் திவசச் சமையலில் உருளையைச் சேர்க்காத வீடுகள் உண்டு. மற்ற நாளில் அதே வீடுகளில் உருளை ரோஸ்டுக்குத்தான் போட்டி. நீலகிரியில் 1961-ல் கண்டுபிடித்த முட்டைக்கூட்டு நூற்புழு வேரைத் தாக்குவதால், அங்கே புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்களே முதல் தேவையாகின. ஃப்ரைசோனா வட இந்தியச் சமவெளிக்கானது.

ரகம் தெரியாவிட்டாலும் கிழங்கைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரைத்து, கழுவிய முழுக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் உலர்பொருள் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தொடுகிறது, ஃப்ரைஸுக்கு ஆகும். மிதந்தால் பொரியலுக்கு வையுங்கள். வெந்தும் குழையாமல் துண்டு துண்டாக நிற்கும். ஃபிரிட்ஜில் கிடந்த கிழங்கை மட்டும் வறுக்க எடுக்காதீர்கள். 2 முதல் 4 டிகிரி குளிரில் மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் ஃப்ரைஸ் தொழிற்சாலைக்குப் போகும் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் வைக்கிறார்கள். குளிரில் இனித்துப்போன கிழங்கு உப்புநீரில் மூழ்கினாலும் எண்ணெயில் கறுக்கத்தான் செய்யும்.