புற்றுநோய் மருந்து காதை ஏன் கெடுக்கிறது?

சிஸ்பிளாட்டின், 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்து. விரைப் புற்றுநோயை விரட்டுவதில் கெட்டிதான். ஆனால் பலருக்குக் காது மந்தமாகிவிடுகிறது.

எப்படி?

ரத்தத்தோடு உள்காதின் காக்ளியாவுக்குள் நுழையும் மருந்து லேசில் வெளியேறுவதில்லை. மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கிவிடுகிறது. அங்குள்ள மயிர்ச் செல்களில் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவற்றை அடக்கும் குளுட்டாதயோன் கையிருப்பு கரைந்ததும், மைட்டோகாண்ட்ரியா பழுதாகிச் செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. முதலில் சாவது, உயர்சுருதி ஒலிகளை உணரும் காக்ளியாவின் அடிப்பகுதிச் செல்கள். அதனால்தான் குருவியின் கீச்சொலி, பேச்சில் வரும் ‘ஸ்’ போன்றவை முதலில் மங்குகின்றன. கோழிக்கு இச்செல்கள் மறுபடி முளைக்கும். மனிதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உடலில் பரவாத கட்டியுள்ள குழந்தைகளின் காதைக் காக்க, 2022இல் சோடியம் தயோசல்ஃபேட்டுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. சிஸ்பிளாட்டின் ஏற்றி முடித்து 6 மணி நேரம் கழித்தே அதை ஏற்றுகிறார்கள். முந்திக்கொண்டால் கட்டிக்கும் அல்லவா கவசம் கிடைத்துவிடும்!