கமிஷன் போன இடம்

2000-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஈபேயில் பழைய கேமரா ஒன்றை விற்க நினைத்தவர், படம் எடுப்பதற்கு முன்பே கணக்குப் போட வேண்டியிருந்தது. விளம்பரத்தை ஏற்றவே சில பென்ஸ். ஆரம்ப விலை கூடினால் அந்தக் கட்டணமும் கூடும். அதனால் பலர் 99 பென்ஸில் ஏலத்தைத் தொடங்கிவிட்டு, ஞாயிறு இரவு கடைசி நிமிடத்தில் யாராவது விலையை ஏற்ற மாட்டார்களா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விற்றால் கமிஷன். பணம் பேபால் வழியாக வந்தால் அங்கேயும் ஒரு பிடித்தம். அந்த பேபாலையும் 2002-இல் ஈபேயே வாங்கிவிட்டது!

இத்தனைக்கும் ஈபே இலவசமாகத் தொடங்கிய சந்தை. 1995-இல் பியர் ஒமிடியார் கலிஃபோர்னியாவில் பொழுதுபோக்காக ஆரம்பித்தார். கூட்டம் பெருகியதும் இணைய இணைப்பு தந்த நிறுவனம் மாத வாடகையை 30 டாலரிலிருந்து 250 டாலராக்கியது. அதை ஈடுகட்டத்தான் விற்பவர்களிடம் கட்டணம் கேட்டார். தபாலில் காசோலைகள் குவிந்தன; அவற்றைக் கையாளவே ஓர் ஆளை வேலைக்கு வைத்தார். அனுப்பியவர் கடைக்காரரா, பரணைக் காலி செய்கிறவரா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

இன்று அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 2024 செப்டம்பர் வரை, தபால் செலவோடு சேர்த்து 50 பவுண்டுக்கு ஒரு பழைய கேமராவை விற்ற தனிநபர் 12.8 சதவீதமும் 30 பென்ஸும் கொடுத்தார்; மொத்தம் 6.70 பவுண்டு. அக்டோபர் 1 முதல், வாகனங்கள் தவிர மற்றவற்றுக்கு, அது பூஜ்யம். ஜெர்மனியில் 2023 மார்ச்சிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். தாராள மனசு ஒன்றும் இல்லை. லித்துவேனியாவிலிருந்து வந்த வின்டெட், விற்பவரிடம் எதுவும் வாங்காமலே பழைய துணிச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பூஜ்யம் என்றால் முழுப் பூஜ்யமும் இல்லை. 2025 பிப்ரவரியில் வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் வந்தது. விற்பவர் 20 பவுண்டு என்று போட்டால், வாங்குபவர் கண்ணில் படுவது அதைவிடக் கூடிய விலை. வாங்குபவர் மனதில் வைத்திருக்கும் தொகை மாறாது. அவர் குறைத்துக் கேட்பார். ஆகவே பாதிச் சுமையாவது விற்பவர் தலையில்தான் விழும் என்பது என் கணிப்பு. போதாததற்கு, பொருள் போய்ச் சேரும்வரை பணத்தையும் பிடித்து வைக்கிறார்கள்.

வணிகக் கணக்கு வைத்திருப்பவர் நிலைதான் பாவம். கமிஷன் அவருக்கு அப்படியே இருக்கிறது. பெயர், முகவரியை வெளியிட வேண்டும். இணையத்தில் வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் விலகிக்கொள்ள 2013-ஆம் ஆண்டு விதிகள் வாடிக்கையாளருக்கு உரிமை தருகின்றன. தனிநபரோ, பொருள் தான் சொன்னபடி இருந்தால் தப்பித்துக்கொள்வார். முன்பு இரண்டு கணக்குக்கும் இடையே இருந்தது பெரும்பாலும் சட்டப் பொறுப்பின் வித்தியாசம். இப்போது கமிஷன் முழுவதுமே வித்தியாசம். ‘வீட்டு அலமாரி’யிலிருந்து பெட்டி பிரிக்காத இருபது போன் உறைகள், ஐந்து நிறங்களில், விற்பனைக்கு வந்தால் அது யாருடைய அலமாரி?

வரித்துறையும் அதையே கேட்கிறது. 2024 ஜனவரி முதல், ஆண்டுக்கு 30 விற்பனையோ சுமார் 1,700 பவுண்டோ தொட்டவர்களின் விவரங்களை இணையச் சந்தைகள் திரட்டி ஒப்படைக்க வேண்டும். பக்கத் தொழிலுக்குப் புது வரி என்று வதந்தி பறந்தது. புது வரி எதுவும் இல்லை. குழந்தைக்குச் சிறிதாகிப்போன கோட்டை விற்றால் வரி கிடையாது. அதே போன்ற கோட்டை அறக்கட்டளைக் கடையில் 8 பவுண்டுக்கு வாங்கி 30-க்கு விற்கத் திட்டமிட்டால் அது வியாபாரம். அப்படி வரும் வருமானம் ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும். இந்த வரம்பை 3,000 ஆக உயர்த்தப்போவதாக 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது. அதனால் வரிப் படிவம் நிரப்பும் வேலை சிலருக்கு மிச்சமாகும். ஈபே விதிப்படியோ, விற்பதற்கென்று வாங்கிய முதல் கோட்டிலேயே அவர் வணிகர்.