சம்பளம் இல்லாத காவல்காரர்கள்!

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது.

தாங்கள் செய்தது தொண்டு அல்ல, வேலை. ஆகவே அதற்குச் சம்பளம் வேண்டும் என்று தொண்டர்களே வழக்குப் போட்டார்கள். 1999-ம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய அந்த வழக்கு, 2010-ம் ஆண்டில்தான் முடிந்தது.

அரட்டை அறை

"அமெரிக்கா ஆன்லைன்" என்று ஒரு கம்பெனி. சுருக்கமாக "ஏ.ஓ.எல்." என்பார்கள். வீட்டில் உள்ள கம்ப்யூட்டருக்கு, டெலிபோன் கம்பி வழியாக வெளி உலகத் தொடர்பு கொடுப்பது அப்போது அதன் தொழிலாக இருந்தது.

முன்பின் தெரியாதவர்கள் கூடிப் பேசுவதற்கு அதில் "அரட்டை அறைகள்" இருந்தன. சுவர் வைத்துக் கட்டிய அறை அல்ல. ஒருவர் எழுதுவதை மற்றவர்கள் உடனே தங்கள் திரையில் படிப்பார்கள். அவ்வளவுதான்!

கூட்டம் கூடினால் வம்பும் கூடும் அல்லவா? ஒருவர் திட்டுவார். இன்னொருவர் ஆபாசமாக எழுதுவார். இவர்களை அடக்க ஆள் வேண்டும். திருவிழாவில் கயிறு பிடித்து நிற்கும் தொண்டர்களைப் போல, பேச வந்தவர்களிலேயே பலர் இந்தக் காவலை ஏற்றார்கள். ஒரு சமயம் சுமார் 14,000 பேர் இப்படி இருந்தார்கள்.

அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கட்டணத்தில் சலுகை உண்டு. அப்போது மணிக் கணக்கில் கட்டணம் வாங்கியதால், அது பெரிய சலுகையாக இருந்தது. 1996 டிசம்பரில் நிலைமை மாறியது. மாதம் 19.95 டாலர் கட்டினால் எவ்வளவு நேரமும் பேசலாம் என்று ஆயிற்று. சலுகையின் மதிப்பு குறைந்தது. வேலை குறையவில்லை.

தொண்டா? வேலையா?

அந்தத் தொண்டர்களுக்குப் பயிற்சி உண்டு. வாரத்துக்கு 4 மணி நேரமாவது காவல் இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு வரவேண்டும். செய்த வேலைக்குக் கணக்கும் எழுதித் தரவேண்டும்.

"இதற்குப் பெயர் தொண்டா?" என்பதே வழக்கின் சாரம். அமெரிக்காவில் 1938-ம் ஆண்டு முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உண்டு. அந்தச் சட்டப்படி கூலி வேண்டும் என்று, முன்னாள் தொண்டர்கள் 2 பேர் வழக்குத் தொடர்ந்தார்கள்.

2005-ம் ஆண்டு கம்பெனி அந்தத் தொண்டர் படையையே கலைத்துவிட்டது. 2010-ல் ராஜி ஏற்பட்டது. 1½ கோடி டாலர் கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது.

மீண்டும் அதே கேள்வி

இப்போது "ரெடிட்" என்ற நிறுவனத்திலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. சமையல், தோட்டம், விளையாட்டு என்று ஆயிரக்கணக்கான பேச்சுக் கூட்டங்கள் அங்கே நடக்கின்றன. அவற்றைக் காப்பவர்களும் சம்பளம் இல்லாதவர்களே.

அவர்களுடைய உழைப்பை 2022-ம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து நாள் ஒன்றுக்குக் குறைந்தது 466 மணி நேரம் உழைக்கிறார்கள். மணிக்கு 20 டாலர் என்று வைத்தால், ஆண்டுக்கு 34 லட்சம் டாலர்!

2024 மார்ச்சில் ரெடிட் தன் பங்குகளை முதல் தடவையாகப் பொதுமக்களுக்கு விற்றது. ஒரு பங்கு 34 டாலர். அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளக் காவலர்கள் சிலருக்கும் வாய்ப்பு அளித்தது. இனாமாக அல்ல, பணம் கொடுத்துத்தான்!

சம்பளம் கொடுத்தால் என்ன?

கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டக்காரர்கள் கூடிப் பேசும் இடத்துக்குத் தோட்டக்காரரே விதி வகுக்கிறார். கம்பெனியின் சம்பளம் வாங்கினால் கம்பெனி சொன்னபடிதான் நடக்க வேண்டும். "இதை நீக்கு, அதை விடு" என்றால் மறுத்துப் பேச முடியுமா?

2023 ஜூன் மாதம் ரெடிட்டில் ஆயிரக்கணக்கான கூட்டங்களைக் காவலர்கள் சில நாட்கள் இழுத்து மூடினார்கள். அவர்கள் சம்பளம் கேட்கவில்லை. வேலைக்கு உதவிய வெளியார் கருவிகளுக்குக் கம்பெனி பெரும் கட்டணம் விதித்ததுதான் கோபத்துக்குக் காரணம். சம்பளக்காரர்களாக இருந்தால் இப்படிக் கதவை மூடியிருக்க முடியாது.

ஆகவே, எல்லோருக்கும் சம்பளம் என்பதும் சரியல்ல. யாருக்கும் வேண்டாம் என்பதும் சரியல்ல. நேரம் குறித்து, கணக்குக் கேட்டு வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். கூலி கொடுக்க மனம் இல்லை என்றால், வேலைக்கு வேண்டிய கருவியைக் கொடுத்துவிட்டு, அதிகாரம் செய்யாமல் இருக்க வேண்டும்.

சம்பளமும் தரமாட்டேன், எஜமானாகவும் இருப்பேன் என்றால் அது நியாயம் ஆகாது!